சாயம் படாத இடம்

சிவப்புச் சேலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வேண்டும். அதைக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சாயத்தில் முக்குவதற்கு முன்பே அந்த இடத்தைக் காப்பாற்றி வைப்பது. வெள்ளைத் துணியை நகநுனியால் ஒரு சிட்டிகை கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அல்லது அந்த இடத்தில் உருக்கிய மெழுகை வைக்க வேண்டும். பிறகு துணி முழுவதையும் சாயத்தொட்டியில் முக்கலாம். நூல் இறுக்கிய இடத்திலும் மெழுகு மூடிய இடத்திலும் சாயம் ஏறாது. அப்புறம் முடிச்சை அவிழ்த்தாலோ, வெந்நீரில் மெழுகை உருக்கி எடுத்தாலோ, உள்ளே பழைய வெள்ளை அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி, துணி முழுவதையும் முதலில் சிவப்பாக்கிவிடுவது. பிறகு வெள்ளை வேண்டிய இடத்தில் மட்டும் வெளுப்பு மருந்தை வைத்து, ஏறிய சாயத்தை அழித்தெடுப்பது.

மூன்றாவது வழி, சிவப்புத் துணியின் மேலேயே வெள்ளை நிறத்தை அச்சடித்துவிடுவது.

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூன்று சேலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் புள்ளி காக்கப்பட்டது. இரண்டாவது பிற்பாடு திருத்தப்பட்டது. மூன்றாவது மேலே பூசப்பட்டது. பார்வைக்கு ஒன்றாக இருக்கிற இந்த மூன்றுக்கும் மதிப்பில் வித்தியாசம் உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது? துணியிலா, செய்தவரின் உழைப்பிலா, வாங்குகிறவரின் மனதிலா? கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இது சேலையோடு நின்றுவிடுகிற கேள்வி இல்லை என்றே நினைக்கிறேன்.

*

தமிழ்நாட்டில் முதல் வழிக்கு முகவரி மதுரை. சுங்குடிச் சேலையைத் தெரியாத குடும்பம் தென்மாவட்டங்களில் குறைவு. அது சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் சமூகத்தின் கைவேலை. குஜராத் பக்கமிருந்து கிளம்பி, தலைமுறை தலைமுறையாகப் பல அரசுகளின் நிழலில் தங்கி, நாயக்கர் காலத்து மதுரையில் வேர்விட்டவர்கள். குஜராத்தின் பாந்தணியையும் மதுரைச் சுங்குடியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அக்காள் தங்கை என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

துணியை மடித்து, புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முடிச்சு. முடிச்சிடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தபடி துண்டுக்கூலிக்குச் செய்துவந்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் ஒன்றைக் கட்டி மூடிவிட்டு மற்றதை முக்குவார்கள். சாயமிட்ட துணிகளை வைகையில் அலசிய காலம் ஒன்று இருந்தது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்றைக்குக் கடையில் சுங்குடி என்று கேட்டால் எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி விரலால் முடிந்தது அல்ல. மெழுகை அச்சுக்கட்டையால் ஒற்றிச் சாயமேற்றியது ஒரு வகை. அதுவும் காக்கும் வேலைதான், விரலுக்குப் பதில் கட்டை வந்திருக்கிறது. அதைத் தாண்டி வெறும் அச்சுத்துணியும் அதே பெயரில் விற்கிறது. விலையும் அதற்கேற்ப இறங்கும்.

எங்கள் இராஜாக்கமங்கலத்தில் இந்தக் கைவேலை கிடையாது. இங்கே தென்னையும் கயிறும் கடலும்தான். ஆனால் சேலை வந்து சேர்ந்திருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து என் அம்மை வாங்கிவந்த ஒரு சுங்குடியை ஆச்சி மடியில் போட்டுக்கொண்டு சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை. "புள்ளியப் பாக்காத மக்கா. பொறத்தால திருப்பிப் போட்டுத் தடவிப் பாரு. முடிஞ்ச சேலைன்னா கையில குமிளு குமிளா தட்டுப்படும்."

ஆச்சி சொன்னது சரியான பரிசோதனை. இறுக்கிக் கட்டிய இடத்தில் துணி சுருங்கி, சாயத்தொட்டியில் ஊறி, அந்தச் சுருக்கத்தோடேயே காய்கிறது. அவிழ்த்த பிறகும் அந்த மேடு கொஞ்ச காலம் இருக்கும். புள்ளியின் ஓரம் கோடு போட்டாற்போல் இராது, சாயம் நூலுக்கடியில் கொஞ்சம் கசிந்து பார்த்துவிட்டுத் திரும்பிய அடையாளம் தெரியும். பல புள்ளிகளின் நடுவில் ஒரு துளி நிறம் இருக்கும், நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துணிநுனி சாயத்தில் நனைந்திருக்கும் என்பதால். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இராது. குஜராத், ராஜஸ்தான் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய், பாந்தணிச் சேலையை முடிச்சு அவிழ்க்காமலேயே விற்பதுண்டு. வாங்குகிறவர் துணியை இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து விடுபடும். செய்த வேலைக்கு அந்த நூல்தான் சாட்சி. இந்த நூலுக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

*

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு சேலைக்கு 10,000 முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். கை பழகிய ஒருவருக்கு ஒரு முடிச்சுக்கு 5 நொடி என்றால் 50,000 நொடி ஆகிறது. ஏறத்தாழ 14 மணி நேரம். இடையில் நிமிராமல், தண்ணீர் குடிக்காமல், அடுப்பில் வைத்த உலையை எட்டிப் பார்க்காமல். வீட்டு வேலைக்கு நடுவே செய்தால் பல நாள் வேலை. சாயம் போட்டு முடிந்ததும் அந்தப் பத்தாயிரம் நூல்சுற்றும் குப்பைக்குப் போய்விடும். நெசவாளியின் நூல் துணியில் இருக்கிறது. சாயக்காரரின் நிறம் துணியில் இருக்கிறது. முடிச்சுப் போட்டவர் சேர்த்த பொருள் என்று சேலையில் ஒரு இழைகூடக் கிடையாது. அவர் வேலை முழுவதும் ஒன்று நடக்காமல் பார்த்துக்கொண்டது. சேலையின் அழகு என்று நாம் சொல்வது அதைத்தான்.

மெழுகு வேலையில் இந்த விகிதம் இன்னும் விசித்திரமாக இருக்கும். அவுரியிலிருந்து எடுக்கும் நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கரையாத பொருள். தொட்டியில் நொதிக்கவைத்து ஆக்சிஜனை நீக்கினால்தான் கரைந்து இழைக்குள் போகும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்முன்னேயே நீலமாக மாறும். அதனால் நீலத்தைத் தூரிகையால் தீட்டுவது கஷ்டம், தூரிகையிலேயே காற்றுப் பட்டுக் கரையாததாகிவிடும். துணியையே தொட்டிக்குள் இறக்க வேண்டும். அப்படியென்றால் பூ வேலைப்பாட்டின் நடுவே ஒரு சின்ன இலைக்கு மட்டும் நீலம் வேண்டுமென்றால்? அந்த இலையை விட்டுவிட்டு மற்ற துணி முழுவதையும் மெழுகால் மூட வேண்டும். சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகள் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த காலத்தில், 1742இல், இயேசு சபைத் துறவி கேர்தூ இங்கே சாயக்காரர்களிடம் கேட்டறிந்து பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர், மெழுகு என்று அந்த வேலையின் வரிசை முழுவதும் அதில் இருக்கிறது. நிறம் கொடுப்பதைவிட நிறம் படாமல் பார்ப்பதற்கே பாதி வேலை போகிறது.

*

பந்தானா என்று உலகம் முழுக்கச் சொல்லும் புள்ளிக் கைக்குட்டையின் பெயர், 'கட்டு' என்று பொருள்படும் வடஇந்தியச் சொல்லிலிருந்து போனது. இங்கிருந்து போன முடிச்சுத் துணிகளுக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஹென்றி மான்டீத் என்பவரின் ஆலை அதற்கு ஒரு மாற்று வழியை நடத்திக் காட்டியது. முழுக்கச் சிவப்பேற்றிய துணிகளை அடுக்கி, கோலம் வெட்டிய ஈயத்தகடுகளுக்கு நடுவே வைத்து நெரித்து, வெட்டிய இடங்களின் வழியே குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தைச் செலுத்தினார்கள். திரவம் பட்ட இடம் வெளுத்தது. நெரிபட்ட இடம் சிவப்பாகவே நின்றது. விரல்கள் பல நாள் செய்ததை இயந்திரம் நிமிடங்களில் செய்தது.

அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ஒரு பொறியாளனாக அந்தக் கருவியை ரசிக்கவும் செய்கிறேன். ஆனால் வரிசை தலைகீழாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முடிச்சில், காப்பது முதலில், முக்குவது பிறகு. ஆலையில், எல்லாவற்றையும் முக்கிவிட்டுப் பிறகு சில இடங்களை மீட்டார்கள். மீட்கப்பட்ட வெள்ளை வேறு வெள்ளை. அந்த இழை இரண்டு மருந்துகளைப் பார்த்துவிட்டது, மருந்து ஒரு சொட்டு கூடிப்போனால் நைந்தும்போகும். காக்கப்பட்ட வெள்ளைக்குத் தன்மேல் ஏதோ வர இருந்தது என்பதே தெரியாது.

இந்த வரிசை மாற்றம் என் தொழிலில் எனக்குத் தினமும் கண்ணில் படுகிறது. திருவனந்தபுரத்தில் முன்பு நான் வேலைபார்த்த ஒரு நிறுவனத்தில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் இருந்தார். சர்வரில் இடம் நிரம்புமுன் எச்சரிக்கும் நிரல், காப்புப்பிரதி எடுத்தால் மட்டும் போதாது, அது திரும்பத் திறக்கிறதா என்று வாராவாரம் சோதிக்கும் நிரல், இப்படித் தனக்கென்று யாரும் ஒதுக்காத வேலைகளை எல்லாம் செய்துவைத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்ட பகுதி நான் அங்கே இருந்த மூன்று வருடத்தில் ஒருநாளும் விழவில்லை. பக்கத்துப் பகுதி ஒரு ராத்திரி விழுந்தது. நான்கு பேர் விடிய விடிய உட்கார்ந்து தூக்கி நிறுத்தினார்கள். அந்த வருடம் விருது அந்த நால்வருக்கு. அக்காவின் அப்ரைசலில் "கண்ணுக்குத் தெரியும் பங்களிப்பு போதாது" என்று வந்தது. மேலாளர் ஆதாரம் ஏதாவது இருந்தால் இணைக்கச் சொன்னாராம். அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார், "நடக்காததுக்கு எப்படிப்பா ஸ்கிரீன்ஷாட் எடுக்க?"

அந்த நால்வரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. திருத்தும் வேலையும் வேலைதான். ஆனால் திருத்துகிறவருக்குக் கதை இருக்கிறது. விழுந்தது, ஓடினோம், நிமிர்த்தினோம். காக்கிறவருக்குக் கதை கிடையாது. செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. அவ்வளவுதான்.

இதன் பெரிய வடிவத்தை உலகமே ஒருமுறை பார்த்தது. பழைய நிரல்களில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதிவைத்திருந்ததால், 2000 பிறக்கும்போது கணினிகள் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம் வந்தது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் வரிவரியாக நிரல்களைத் திறந்து திருத்தினார்கள். இந்திய மென்பொருள் துறையின் வளர்ச்சிக்கு அந்த வேலை ஒரு முக்கியமான படி. 2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே என்ன சொன்னார்கள்? "எல்லாம் புரளி, காசு பிடுங்க ஆடின நாடகம்." குறைவாகச் செலவழித்த நாடுகளும் தப்பித்தனவே என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை. முடியவும் முடியாது, ஏனென்றால் யாரும் எதையும் திருத்தாமல் விட்ட இன்னொரு உலகம் நம்மிடம் இல்லை.

*

இங்கேதான் சுங்குடிச் சேலை எனக்குப் பெரிய பொருளாகப் படுகிறது. காக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஒன்று அதற்கு இருக்கிறது. காக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதே துணியில், அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புள்ளியைச் சுற்றியிருக்கும் சிவப்புதான் அது. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் புள்ளி கிடையாது. முக்காத வெள்ளைத் துணியில் பத்தாயிரம் முடிச்சுப் போட்டு அவிழ்த்தாலும் அது வெறும் கசங்கிய துணி. நடந்ததும் நடக்காததும் ஒரே பரப்பில் பக்கம் பக்கமாக இருப்பதால்தான் நடக்காததை நம்மால் பார்க்க முடிகிறது, அதற்கு விலை சொல்ல முடிகிறது.

வாழ்க்கையில் அப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் பெரிய விலை கொடுத்துத்தான் கிடைக்கிறது. எங்கள் கரைக்கு 2004 டிசம்பர் 26 அப்படி ஒரு நாள். குளச்சலிலும் மணக்குடியிலும் அன்று போன உயிர்களை இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்துப் போட்டது. அன்றைக்கு இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று இல்லை. அதன் பிறகுதான் ஹைதராபாத்தில் ஒரு மையம் அமைத்து, 2007இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. தமிழகக் கடற்கரையில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடித் தட்டுகள் அன்று மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் பெரிதாகத் தள்ளப்படவில்லை. சாயங்காலத்துக்குள் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

அன்று எச்சரிக்கை அலையை நிறுத்தவில்லை, அலைதான் வரவில்லை. இருந்தாலும் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "சும்மா கெடந்து ஓடவச்சிட்டானுவ" என்று அன்றைக்கு முனகியவர்கள்கூட, ஓடியதைத் தப்பு என்று சொன்னதை நான் கேட்டதில்லை. 2004 பக்கத்தில் இருந்தது. சாயம் பட்ட துணியைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு முடிச்சின் அருமை தெரிந்திருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆட்களுக்குச் செய்தி போய்ச்சேர வழியே இல்லாமல் போயிற்று. சாயம் மறுபடியும் பட்டது. காப்பு என்பது ஒருமுறை போட்டு முடிந்துவிடுகிற வேலை இல்லை, எந்த இடத்துக்கு முடிச்சுப் போட மறந்தோம் என்பதைச் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

*

இதுவரை காத்தல் என்ற வேலையைத் தூக்கிப்பிடித்துப் பேசிவிட்டேன். ஒரு நாஞ்சில் நாட்டுக்காரன் அதை அவ்வளவு எளிதாகப் பேசிவிடக் கூடாது. ஏனென்றால் 'காப்பது' என்ற பெயரில்தான் இங்கே நிறைய அநியாயம் நடந்திருக்கிறது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்பதற்காக 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. அந்தத் தெருவையும் யாரோ 'காத்துக்கொண்டுதான்' இருந்தார்கள். மார்பை மறைத்து உடுக்கும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிவாங்கிய பிறகு, 1859இல் திருவிதாங்கூர் அரசு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியிலும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டு இருந்தது. ஒரு கூட்டத்தின் மேல் எதுவும் பட்டுவிடாமல் வெள்ளையாக வைத்திருக்க, மற்ற எல்லோரையும் தொட்டிக்குள் முக்கிவைப்பது என்றால் தீண்டாமையும் ஒரு வகைச் சாயத்தடுப்புதான்.

அப்படியானால் நல்ல காப்பையும் கெட்ட காப்பையும் எதை வைத்துப் பிரிப்பது? இரண்டு கேள்விகள் உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி, இந்தக் கட்டு அவிழுமா? தமிழில் காப்பு என்றால் பாதுகாப்பு. கையில் கட்டும் நூலும் காப்பு. அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டினால் கொடை முடிந்ததும் களைவார்கள். கட்டும்போதே அவிழ்க்கும் நாள் தெரியும். சுங்குடி முடிச்சும் அப்படித்தான், அவிழ்ப்பதற்காகவே போடப்படுவது. அவிழாத முடிச்சு சேலையில் ஒரு கட்டி மட்டுமே. பெண்பிள்ளையைப் 'பத்திரமாக' வைத்திருக்கிறேன் என்று வேலைக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். எப்போது அவிழ்ப்பீர்கள்? பதில் இல்லையென்றால் அது காப்பு அல்ல, கட்டு.

இரண்டாவது கேள்வி, இங்கே படாத சாயம் எங்கே போய்ப் படுகிறது? நொய்யலைப் பார்த்தால் இது விளங்கும். திருப்பூரில் துணிமேல் எந்த நிறம் எங்கே ஏற வேண்டும், எங்கே ஏறக்கூடாது என்பதை நூலிழை சுத்தமாகப் பார்த்துக்கொண்டார்கள். மீந்த சாயநீர் நொய்யலில் போயிற்று. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக ஆயிற்று. வயலும் கிணறும் கெட்ட விவசாயிகள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. துணியின் வெள்ளையைக் காத்த கைகளுக்கு ஆற்றின் தெளிவைக் காக்கும் வேலையைக் கூலியோடு யாரும் கொடுத்திருக்கவில்லை. இன்று அந்த ஆற்றுக்கு நடப்பதெல்லாம் இரண்டாவது வழி, முழுக்க முக்கிவிட்டு வெளுப்பது. செலவு பல மடங்கு. இழையும் நைந்துவிட்டது.

*

திரும்ப அந்த மூன்று புள்ளிகளுக்கு வருவோம். வித்தியாசம் எங்கே இருக்கிறது? வெள்ளை வெள்ளைதான், வித்தியாசம் அதில் இல்லை. அச்சடித்த புள்ளியை அச்சடித்தது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் கிடையாது. நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அதை வாங்குகிற அம்மாவை நாம் யாரும் குறைசொல்ல முடியாது. மெழுகு வைத்ததும் கௌரவமான தொழில். அச்சுப் புள்ளி முடிச்சுப் புள்ளியின் பெயரைச் சொல்லி விற்கும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது. அப்போது திருடுபோவது அழகு அல்ல, அந்த 14 மணி நேரம். ஏற்கெனவே சேலையில் ஒரு இழைகூடத் தனக்கென்று விட்டுப்போகாத ஒருவரிடமிருந்து கடைசியாக மிஞ்சியிருந்த பெயரையும் எடுத்துக்கொள்கிறோம்.

காக்கிறவர்களைக் காப்பது யார் என்பதற்குப் பழைய பதில் அரசர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகக் கோடாலிக் கருப்பூரில் ஒரு சேலை செய்தார்கள். பருத்தியில் சரிகையைக் கோத்து நெய்து, அதன்மேல் மெழுகால் தடுத்துச் சாயமேற்றிய துணி. நெசவும் தடுப்பும் சேர்ந்த அபூர்வமான வேலை. 1855இல் அரசு முடிந்தது, கொஞ்ச காலத்தில் சேலையும் முடிந்தது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதை வேறு மாதிரி. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து அதை உருவாக்கிய ஓவியர்கள், பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். மெழுகு வேலை அவர்களுடைய ஓவியத்தைச் சந்தையின் நெருக்கடியிலிருந்து காத்தது. இன்று அந்த ஓவியங்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்தப் பாத்திக் துணிகளைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்?

இன்றைய பதில் புவிசார் குறியீடு. எங்கள் பக்கத்து ஈத்தாமொழித் தேங்காய்க்கும் உண்டு. அது தேவையான ஏற்பாடுதான். ஆனால் அது காப்பது பெயரை. பெயருக்குப் பின்னால் இருக்கும் விரலுக்குக் கூலி கட்டுபடியாகாமல், முடிச்சுப் போட்டவரின் மகள் வேறு வேலைக்குப் போய்விட்டால், பெயர் மட்டும் சட்டப் பாதுகாப்போடு இருக்கும். அந்த மகள் போவதைத் தடுக்கச் சொல்லவில்லை. முதல் கேள்வி அவளுக்கும் பொருந்தும், அவளைக் கைவினையின் பெயரால் கட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. இருக்க விரும்பினால் இருக்கும்படியான கூலி வேண்டும் என்பதுதான் கேட்கக்கூடியது.

முடிச்சு அவிழ்க்காமல் விற்கும் வடக்கத்திப் பழக்கத்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன். நடக்காததுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது என்ற அக்காவின் கேள்விக்கு ஒரு பதில் அதில் இருக்கிறது. நடக்காததைக் காட்ட முடியாதுதான். போட்ட முடிச்சைக் காட்டலாம், கொஞ்ச நேரம் அவிழ்க்காமல் வைத்திருந்தால். இப்போது நான் இருக்கும் சின்னக் குழுவில் மாதக் கடைசியில் ஒரு பட்டியல் எழுதுகிறோம். இந்த மாதம் எதெது விழாமல் இருந்தது, அதற்கு முன்கூட்டியே யார் என்ன செய்துவைத்தார்கள். சில மாதம் நாலு வரி, சில மாதம் ஒரு வரி. "ராஜினாமா செய்தவரின் கடவுச்சொற்கள் அன்றே மாற்றப்பட்டன" என்பதைப் போன்ற சாதுவான வரிகள். படிக்கச் சுவாரசியமே இராது. சம்பள உயர்வு பேசும் நாளில் அந்தப் பட்டியல் மேசைமேல் இருக்கிறது.

சேலைக்கு இதைவிட எளிது. அடுத்த தடவை கடையில் சுங்குடி எடுத்துப்போடச் சொல்லும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, இது முடிஞ்சதா, மெழுகா, அச்சா?" சிலருக்குத் தெரிந்திருக்கும், சிலர் உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்வார்கள், சிலர் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். எதை வாங்குவது என்பது உங்கள் வசதி. முடிந்தது என்று சொன்னால் மட்டும் சேலையைத் திருப்பிப் போட்டு ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, விலை பேசுங்கள்.